மழைக்கு முன்னால் வந்து சேர வேண்டிய பணம்

பிப்ரவரி 1, காலை. கோத்தகிரியில் குளிர் இன்னும் முழுதாக விட்டிருக்காது. டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். 11 மணிக்கு நிதியமைச்சர் எழுந்து பேச ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள்ளேயே திரையின் அடியில் எழுத்துகள் ஓடத் தொடங்கிவிடும்: இது விலை குறையும், அது விலை ஏறும். கடைக்காரர் வர்க்கியைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே கேட்பார், "நம்ம தேயிலைக்கு ஏதாவது சொன்னாங்களாண்ணா?" இல்லை என்பேன். "அப்ப ஒண்ணுமில்லாத பட்ஜெட்டு" என்று சொல்லிவிட்டு ரிமோட்டைத் தேடுவார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். டிவி அப்படித்தான் காட்டுகிறது. ஆனால் தேயிலைத் தொழிற்சாலைகளில் பல வருடம் கணக்கு எழுதியவன் என்பதால் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. பட்ஜெட்டைத் திருத்த வேண்டும், சீர்திருத்த வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எதைத் திருத்துவது என்று கேட்டால் வருமான வரி வரம்பைச் சொல்வார்கள். அது பட்ஜெட்டில் இருக்கும் ஒரு விஷயம். பட்ஜெட் தயாராகும் முறை என்பது வேறு. நம் மலைக்கு ரோடு எப்போது வரும், போட்ட ரோடு எத்தனை மாதம் தாங்கும் என்பதெல்லாம் அந்த முறையில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விலைப் பட்டியல் கதையை முதலில் முடித்துவிடலாம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. அதன் பிறகு சோப்பு முதல் சிமெண்ட் வரை பெரும்பாலான பொருள்களின் வரி விகிதத்தை மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து உட்காரும் ஜிஎஸ்டி மன்றம் முடிவு செய்கிறது. அந்த மன்றம் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் கூடலாம். பட்ஜெட் உரையில் மிச்சம் இருப்பது இறக்குமதிச் சுங்கம், வருமான வரி, பெட்ரோல் டீசல் மீதான கலால் போன்ற சில மட்டுமே. எது ஏறும், எது இறங்கும் என்ற அந்த ஓட்டம் பழைய பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மாரியம்மன் பண்டிகைக் கணக்கு

எங்கள் ஊரில் மாரியம்மன் பண்டிகைக்கு முன்னால் ஒரு கூட்டம் போடுவார்கள். பந்தல், மைக் செட், விளக்கு, பூசாரிக்குக் கொடுக்க வேண்டியது, அன்னதானம் என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று ஒரு நோட்டில் எழுதுவார்கள். அதைப் பார்த்து வீட்டுக்கு இவ்வளவு வரி என்று முடிவாகும். ஆமாம், அதற்கும் பெயர் வரிதான்.

அந்தக் கூட்டம் முடியும்போது பொருளாளர் கையில் ஒரு ரூபாய்கூட இருக்காது. ஆனால் ஒரு முக்கியமான காரியம் முடிந்திருக்கும். "விளக்குக்கு இவ்வளவு வரை நீ செலவு பண்ணலாம், அன்னதானத்துக்கு இவ்வளவு வரை பண்ணலாம்" என்று ஊர் அனுமதி கொடுத்திருக்கும். விளக்குப் பணத்தை எடுத்து இன்னொரு செண்டை மேளம் வைத்துவிட்டு வந்தால், பண்டிகை முடிந்து கணக்கு வாசிக்கும்போது அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

மதிப்பீடு, அனுமதி, கணக்கு. ஒரு நாட்டின் பட்ஜெட்டிலும் இந்த மூன்றும்தான் இருக்கின்றன. இதில் நடுவில் இருக்கும் அனுமதியைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பட்ஜெட் என்றதும் டெல்லியில் ஒரு பெரிய பெட்டியில் பணம் இருப்பது போலவும், அதிலிருந்து அள்ளி அள்ளிக் கொடுப்பது போலவும் மனதில் ஒரு படம் வருகிறது. பிப்ரவரி 1 அன்று அங்கே பணம் இல்லை. வரும் ஏப்ரலில் தொடங்கப்போகும் ஒரு வருடத்துக்கு வரவு இவ்வளவு இருக்கும் என்ற கணிப்பும், செலவுக்கு இவ்வளவு அனுமதி வேண்டும் என்ற விண்ணப்பமும்தான் இருக்கின்றன.

இந்த ஒப்புமை ஓரளவுக்குத்தான் ஓடும். பண்டிகை மூன்று நாளில் முடிந்துவிடும். அரசாங்கம் ஒரு நாள்கூட நிற்க முடியாது. வரி போதவில்லை என்றால் ஊர் மேளத்தைக் குறைத்துக்கொள்ளும், அரசாங்கமோ கடன் வாங்கும். அந்தக் கடன் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

டெல்லியில் அது எப்படித் தயாராகிறது

அரசியல் சட்டத்தில் பட்ஜெட் என்ற சொல்லே கிடையாது. 112-ஆவது பிரிவு அதை ஆண்டு நிதிநிலை அறிக்கை என்கிறது. வருடம் என்பது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. இதற்குப் பெயர் நிதியாண்டு. 1867-லிருந்து இந்தியாவில் இதுதான் வழக்கம்.

வேலை அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடும். நிதி அமைச்சகம் மற்ற எல்லா அமைச்சகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பும். இந்த வருடம் எவ்வளவு செலவாகியிருக்கிறது, அடுத்த வருடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கும். அக்டோபரிலிருந்து ஒவ்வொரு அமைச்சகமாகக் கூப்பிட்டுப் பேரம் நடக்கும். பேரம் என்று நான் சொல்வது மரியாதைக் குறைவாக இல்லை. கேட்பவர் ஏற்றிக் கேட்பதும் கொடுப்பவர் குறைத்துக் கொடுப்பதும் எல்லா இடத்திலும் நடப்பதுதானே. கடைசியில் பெரிய வாணலியில் அல்வா கிண்டி, பட்ஜெட் வேலையில் இருப்பவர்களை உள்ளே வைத்துப் பூட்டி, உரை முடியும்வரை வெளித்தொடர்பு இல்லாமல் வைப்பார்கள். டிவிக்காரர்களுக்கு அல்வா பிடிக்கும். பேரத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

உரை முடிந்த பிறகுதான் உண்மையான காரியம். அரசாங்கத்துக்கு வரும் வரி, கடன் எல்லாம் சேரும் பெரிய கணக்குக்கு இந்தியத் தொகுப்பு நிதி என்று பெயர். நாடாளுமன்றம் சட்டம் போடாமல் அதிலிருந்து ஒரு பைசா எடுக்கக் கூடாது என்கிறது 114-ஆவது பிரிவு. அதனால் ஒவ்வொரு துறையும் "எனக்கு இவ்வளவு அனுமதி வேண்டும்" என்று மக்களவையில் தனித்தனியாகக் கேட்கும். இதுதான் மானியக் கோரிக்கை. இந்த மானியத்துக்கும் காஸ் சிலிண்டர் மானியத்துக்கும் சம்பந்தம் இல்லை. இங்கே மானியம் என்றால் சபை தரும் அனுமதித் தொகை. எல்லாக் கோரிக்கைகளும் நிறைவேறிய பிறகு நிதி ஒதுக்கச் சட்டம் வரும். அந்தச் சட்டம்தான் பெட்டியின் சாவி.

சுமார் 100 கோரிக்கைகள் வரும். எல்லாவற்றையும் சபையில் விவாதிக்க நேரம் இருக்காது. கடைசி நாள் மாலை மிச்சம் இருப்பதையெல்லாம் விவாதமே இல்லாமல் மொத்தமாக ஓட்டுக்கு விட்டுவிடுவார்கள். ஆங்கிலத்தில் இதற்குத் தலைவெட்டும் இயந்திரத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள், கில்லட்டின். 1993-லிருந்து துறைவாரி நிலைக்குழுக்கள் இந்தக் கோரிக்கைகளை முன்கூட்டியே அலசுகின்றன என்பது ஒரு ஆறுதல்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாச் செலவும் ஓட்டுக்கு வராது. பழைய கடனுக்கு வட்டி, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போன்றவற்றைச் சபை விவாதிக்கலாம், ஆனால் ஓட்டெடுப்பு கிடையாது. 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. நாலில் ஒரு பங்கு, யாரும் கை தூக்காமலே போய்விடுகிறது.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தவர் ஆர். கே. சண்முகம் செட்டியார். கோயம்புத்தூர்க்காரர், நமக்குக் கீழே சமவெளியில் பிறந்தவர். விஷயத்துக்குத் தேவையில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: பட்ஜெட் என்பது ஒரு வருடத்துக்கான செலவு அனுமதி. அமைச்சகங்கள் கேட்கும், நிதி அமைச்சகம் குறைக்கும், நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் திறக்கும். அந்த அனுமதி மார்ச் 31 இரவோடு செத்துவிடும்.

அந்தக் கடைசி வரியில்தான் நம் மலைக்கு வந்த வினை இருக்கிறது.

மார்ச் 31 என்ற சுவர்

கொடுத்த அனுமதியில் செலவாகாத பணம் அடுத்த வருடத்துக்குத் தொடராது. தொகுப்பு நிதிக்கே திரும்பிவிடும். இதைக் காலாவதியாவது என்பார்கள். காரணம் நியாயமானது. வருடா வருடம் சபையிடம் வந்து கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால், அதிகாரிகள் பழைய அனுமதிகளை மூட்டை கட்டி வைத்துக்கொள்வார்கள்.

ஆனால் கேட்டவருக்கு அது வேறு மாதிரி புரிகிறது. செலவு செய்யாவிட்டால் பணம் போய்விடும், அடுத்த தடவை கேட்கும்போது "போன வருஷமே நீ செலவு பண்ணலியே" என்று குறைத்தும் விடுவார்கள். அதனால் மார்ச் மாதம் எல்லா அலுவலகங்களிலும் ஒரு ஓட்டம். மார்ச் 28-ஆம் தேதி லாரியில் வந்து இறங்கிய புது நாற்காலிகளை நானே ஒரு அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். பழைய நாற்காலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்த நிதி அமைச்சகம் ஒரு வரம்பு வைத்தது: கடைசி மூன்று மாதங்களில் வருட ஒதுக்கீட்டின் 33 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது.

சரி, ஏன் மார்ச் வரை காத்திருக்கிறார்கள்? முன்னாலேயே செய்ய வேண்டியதுதானே? இதற்குப் பதில் சோம்பேறித்தனம் என்றுதான் நானும் பல வருடம் நினைத்தேன். பாதிப் பதில் நாட்காட்டியில் இருந்தது.

2016 வரை பட்ஜெட் பிப்ரவரி கடைசி நாளில்தான் தாக்கலாகும். ஒரு மாதத்தில் எல்லாக் கோரிக்கைகளையும் நிறைவேற்ற முடியாது. ஏப்ரல் 1 வந்துவிட்டால் அனுமதி இல்லாமல் சம்பளம்கூடக் கொடுக்க முடியாது. அதனால் மார்ச்சில் இரண்டு மாதச் செலவுக்கு மட்டும், அதாவது வருடத் தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு, தற்காலிக அனுமதி வாங்குவார்கள். இதுதான் முன்பண மானியக் கோரிக்கை. ஊர்க் கூட்டம் முடியவில்லை, ஆனால் பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும் என்றால் "ஆயிரம் கொடுத்து வை, மிச்சத்தை அப்புறம் பேசலாம்" என்பது போல. அந்த அட்வான்ஸில் பழைய வேலைகள் ஓடும், புதிய வேலை எதையும் தொடங்க முடியாது. முழு பட்ஜெட் நிறைவேற மே மாதம் ஆகிவிடும்.

இனி அந்தப் பணம் மலை ஏறும் வழியைப் பாருங்கள். கிராம சாலைத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம், 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. மே மாதம் டெல்லியில் அனுமதி. அதன் பிறகு அமைச்சகம் தவணையை விடுவிக்க வேண்டும், மாநிலம் தன் பங்கைச் சேர்க்க வேண்டும், மாவட்டத்துக்கு வர வேண்டும், டெண்டர் விட வேண்டும். எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஜூன் ஆகிவிடும்.

ஜூனில் கூடலூரும் பந்தலூரும் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை நேராக அந்தச் சரிவில்தான் வந்து மோதுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது, வருடம் முழுக்கப் பல ஊர்கள் பார்க்காத மழை. செப்டம்பரில் அந்தப் பக்கம் கொஞ்சம் ஓயும். அக்டோபரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும். டிசம்பர் வரை அது ஓயாது. 2009 நவம்பரில் இந்தப் பக்கம் நடந்த நிலச்சரிவுகளை யாரும் மறக்கவில்லை. ஈரத்தில் தார் ஒட்டாது, மண் வெட்டினால் மேலிருந்து சரியும். இந்த மலையில் ஒழுங்காக ரோடு போட முடிகிற காலம் ஜனவரி முதல் மே வரை. அதிலும் ஏப்ரல், மே சீசன் கூட்டம்.

இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வானம் வெளுத்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் பணம் டெல்லியில். பணம் இங்கே வரும்போது மழை. மழை விட்டதும் மூன்று மாதம்தான் மிச்சம், மார்ச் 31 சுவர். அந்த மூன்று மாதத்தில் அவசர அவசரமாகப் போட்ட தார், அடுத்த ஜூனில் முதல் மழைக்கே பெயர்ந்து வரும். காண்ட்ராக்டர் தின்றுவிட்டார் என்போம். தின்றும் இருக்கலாம். ஆனால் நல்ல காண்ட்ராக்டராக இருந்திருந்தாலும் இந்த நாட்காட்டியில் நல்ல ரோடு போடுவது கஷ்டம்.

2017-இல் பட்ஜெட் தாக்கலை முன்கூட்டியே பிப்ரவரி 1-ஆம் தேதிக்குக் கொண்டுவந்தார்கள். பார்ப்பதற்குத் தேதி மாற்றம். நோக்கம், மார்ச் 31-க்குள் எல்லாக் கோரிக்கைகளையும் நிறைவேற்றி ஏப்ரல் 1 அன்றே முழு அனுமதியையும் கையில் கொடுத்துவிடுவது. நடுவில் அட்வான்ஸ் வாங்கும் கட்டம் தேவையில்லை. மாநிலங்களுக்கும் ஒரு வசதி கிடைத்தது: தங்கள் பட்ஜெட்டை எழுதும்போதே மத்திய அரசிடமிருந்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டு எழுதலாம்.

என்னைக் கேட்டால் கடந்த சில பத்தாண்டுகளில் பட்ஜெட் முறையில் வந்த மாற்றங்களில் நம் மலைக்கு மிகவும் வேண்டியிருந்தது இதுதான். பிரீஃப்கேஸுக்குப் பதில் சிவப்புத் துணிப் பையைக் கொண்டுவந்ததைப் பற்றி எழுதிய அளவுக்கு இதைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஆனாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. டெல்லியில் மிச்சப்பட்ட இரண்டு மாதம், தவணை விடுவிப்பிலும் டெண்டரிலும் திரும்பக் கரைந்து போகலாம். தேர்தல் வருடத்தில் பழைய கதையே திரும்ப வருகிறது. 2019-லும் 2024-லும் பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட்தான். முழு பட்ஜெட் 2019-இல் ஜூலை 5, 2024-இல் ஜூலை 23. ஜூலையில் கூடலூரில் குடையோடுதான் வெளியே போக முடியும்.

நிதியாண்டையே ஜனவரிக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனையும் பழையது. 80-களில் எல். கே. ஜா குழு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று பரிந்துரைத்தது. 2016-இல் சங்கர் ஆச்சார்யா தலைமையில் இன்னொரு குழு அதை ஆராய்ந்தது. மாற்றம் வரவில்லை. வந்திருந்தால் பணமும் வெயிலும் ஒரே நேரத்தில் மலைக்கு வந்திருக்கும்.

"போன வருஷம் எவ்வளவு, அதோடு கொஞ்சம்"

பட்ஜெட் தயாரிப்பில் இருக்கும் இன்னொரு நோய் நம் வீட்டிலும் உண்டு. போன தீபாவளிக்கு இவ்வளவு ஆச்சா, இந்தத் தடவை பத்து சதவீதம் சேர்த்து வை. போன தடவை வாங்கியது தேவைதானா என்று யாரும் கேட்பதில்லை. அரசாங்கத்தில் பெரும்பாலான செலவு இனங்கள் இப்படித்தான் எழுதப்படுகின்றன.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஊட்டி இந்துநகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். எக்ஸ்ரே பிலிம், கறுப்பு வெள்ளை பிலிம் எல்லாம் அங்கே தயாரானது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம். அப்புறம் டிஜிட்டல் கேமரா வந்தது. உலகமே பிலிமை விட்டுப் போன பிறகும், வருடா வருடம் அரசு உதவியில் அந்த நிறுவனம் ஓடியது. 2014-இல்தான் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை பணம் ஒதுக்கியது. மூடியது சரியா தவறா என்பது வேறு பேச்சு, எனக்கே அதில் இரண்டு மனம் உண்டு. ஆனால் அந்தத் தொழிலாளர்களுக்கு வேறு தொழிலைக் கொண்டுவந்திருக்கக்கூடிய வருடங்கள், "போன வருஷம் மாதிரியே" என்று எழுதி எழுதியே போய்விட்டன.

இதற்கு மருந்தாகச் சொல்லப்பட்டதுதான் பூஜ்ய அடிப்படை பட்ஜெட். போன வருடத் தொகையை மறந்துவிடு, பூஜ்யத்திலிருந்து ஆரம்பி, ஒவ்வொரு ரூபாயும் ஏன் வேண்டும் என்று நிரூபி என்பது அதன் பொருள். அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனத்தில் தோன்றி, ஜிம்மி கார்ட்டர் காலத்தில் அரசாங்கத்துக்குள் வந்த யோசனை. இந்தியாவில் 80-களின் நடுவில் முயன்றார்கள். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான செலவு வரிகளை ஒவ்வொரு வருடமும் பூஜ்யத்திலிருந்து நிரூபிக்கச் சொன்னால் என்ன நடக்கும்? கணக்கு எழுதியவன் சொல்கிறேன், படிவம் பெருகும், யோசனை பெருகாது. போன வருடத்து நியாயத்தையே வேறு வார்த்தையில் எழுதிக் கொடுப்பார்கள். சில துறைகளை மட்டும் ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை அடிவரை தோண்டிப் பார்ப்பது நடக்கக்கூடிய காரியம்.

உடைந்த இரண்டு சுவர்கள்

பல பத்தாண்டுகள் செலவை இரண்டு அறைகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஐந்தாண்டுத் திட்டத்தில் வரும் புதிய செலவு திட்டச் செலவு. ஏற்கெனவே இருப்பதை நடத்தும் செலவு திட்டம் சாராச் செலவு. 70-களின் நடுவில் நீலகிரிக்கு வந்த மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் முதல் வகை.

நாளடைவில் முதல் அறைக்கு நல்ல பெயர், இரண்டாவதற்குக் கெட்ட பெயர். ஆஸ்பத்திரிக் கட்டடம் வளர்ச்சி, ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் நர்ஸின் சம்பளம் வீண் செலவு என்பது போல ஆகிவிட்டது. புதிதாகக் கட்டுவதற்குப் பணம் கிடைக்கும், கட்டியதன் ஓட்டை மாற்றக் கிடைக்காது. மலையில் பராமரிப்பு இல்லாத கட்டடம் எத்தனை மழை தாங்கும்? 2011-இல் ரங்கராஜன் குழு இந்தப் பிரிவினையை எடுத்துவிடச் சொன்னது. 2017-18 பட்ஜெட்டில் எடுத்தார்கள். இப்போது வருவாய்ச் செலவு (சம்பளம், வட்டி, மானியம் போல அந்த வருடத்தோடு தீர்ந்துபோவது), மூலதனச் செலவு (ரோடு, பாலம் போல நிலைத்து நிற்பது) என்ற பிரிவு மட்டும் இருக்கிறது. இதிலும் அதே பழைய நோய் எட்டிப் பார்க்கிறது என்பது என் சந்தேகம். பாலத்துக்குக் கைதட்டல், பாலத்துக்குப் பெயிண்ட் அடிப்பவருக்கு முகச்சுளிப்பு.

இரண்டாவது சுவர் ரயில்வே பட்ஜெட். 1924-லிருந்து தனியாக இருந்தது. அப்போது ரயில்வேயின் கணக்கு அரசின் மொத்தக் கணக்கில் மிகப் பெரிய பங்கு, பிரிப்பதில் அர்த்தம் இருந்தது. பின்னாளில் அது, புது ரயில் எந்த ஊருக்கு என்று அறிவிக்கும் மேடையாகிவிட்டது. 2017-இல் பொது பட்ஜெட்டோடு சேர்த்துவிட்டார்கள். நம் மேட்டுப்பாளையம் மலை ரயில் அதே பல்சக்கரத்தில் அதே வேகத்தில்தான் ஏறுகிறது.

குழாய் வேறு, தண்ணீர் வேறு

இதை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் மலையில் இருப்பவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஒரு கிராமத்துக்குக் குடிநீருக்காக ஒதுக்கிய பணம் ஒதுக்கீடு. அதில் இத்தனை வீட்டுக்குக் குழாய் போட்டோம் என்பது வெளியீடு. பிப்ரவரி, மார்ச்சில் ஊற்று வற்றும்போதும் அந்தக் குழாயில் தண்ணீர் வந்தால் அது விளைவு. 2005-லிருந்து மத்திய அரசு விளைவு பட்ஜெட் என்று ஓர் ஆவணத்தையும் வெளியிடுகிறது. இவ்வளவு கொடுத்தோம் என்று நிறுத்தாமல், கொடுத்ததால் என்ன நடக்க வேண்டும் என்றும் எழுதச் சொல்வது அதன் நோக்கம். அதைத் திறந்து பார்த்தால், விளைவு என்ற பத்தியில் பல இடங்களில் குழாய்களை எண்ணி வைத்திருப்பதைக் காணலாம். எண்ணுவதற்குக் குழாய் சுலபம்.

செலவான பிறகு கணக்கு வாசிப்பவர் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அவர் அறிக்கையை நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு எடுத்துக் கேள்வி கேட்கும். பண்டிகை முடிந்ததும் நடக்கும் கூட்டம்தான், ஆனால் இங்கே அந்தக் கூட்டம் கூட ஓரிரு வருடம் ஆகிவிடும். அதற்குள் பொருளாளர் மாறியிருப்பார்.

நோட்டில் எழுதாத கடன்

முன்னால் சொன்ன கடன் கதை. 2025-26-இல் செலவு 50.65 லட்சம் கோடி, கடன் இல்லாமல் வரும் வரவு 34.96 லட்சம் கோடி. இடையில் இருக்கும் 15.69 லட்சம் கோடிதான் நிதிப் பற்றாக்குறை. அந்த வருடம் வாங்க வேண்டிய கடன் என்று புரிந்துகொண்டால் போதும். நாட்டின் மொத்த உற்பத்தியில் இது 4.4 சதவீதம். 2003-இல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டம் இதை 3 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. கொரோனா வருடமான 2020-21-இல் அது 9.2 சதவீதம் வரை போனது.

இப்படி ஒரு எண்ணை எல்லோரும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தால் அதை மறைக்கவும் ஆசை வரும். தொழிற்சாலையில் நான் இருந்த காலத்தில் கொழுந்து போடும் சிறு விவசாயிகள் அட்வான்ஸ் வாங்குவார்கள். சிலர் அதை வீட்டு நோட்டில் எழுத மாட்டார்கள். நோட்டில் கடன் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் இலைக்காசு வாங்க வரும்போது அது பிடித்தத்தில் வந்து நிற்கும். மத்திய அரசும் இதைச் செய்தது. ரேஷன் அரிசிக்கான மானியத்தை இந்திய உணவுக் கழகத்துக்கு முழுதாகக் கொடுக்காமல், சிறுசேமிப்பு நிதியிலிருந்து அந்தக் கழகத்தையே கடன் வாங்க வைத்தது. கடன் கழகத்தின் பெயரில், அதனால் பட்ஜெட் பற்றாக்குறையில் வரவில்லை. 2021-ஆம் வருட பட்ஜெட்டில் அந்தப் பாக்கியை உள்ளே கொண்டுவந்து எழுதினார்கள். அந்த வருட எண் பயங்கரமாகத் தெரிந்ததற்குக் கொரோனாவோடு இதுவும் ஒரு காரணம். எண் அசிங்கமானது, கணக்கு சுத்தமானது. இதைச் செய்ததற்கு நான் பாராட்டுவேன். அத்தனை வருடம் செய்யாததற்குத் திட்டவும் செய்வேன்.

எந்தப் பத்தியைப் பார்ப்பது

பட்ஜெட் ஆவணங்கள் எல்லாம் அன்றைக்கே இணையத்தில் வந்துவிடும். ஒவ்வொரு செலவு வரிக்கும் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். முதலில், இரண்டு வருடத்துக்கு முன் உண்மையில் செலவானது. அடுத்து, போன பிப்ரவரியில் இவ்வளவு என்று சொன்ன பட்ஜெட் மதிப்பீடு. மூன்றாவது, வருடத்தின் நடுவில் பார்த்து மாற்றி எழுதிய திருத்த மதிப்பீடு. கடைசியில்தான் வரும் வருடத்துக்கான புதிய எண். உரையில் வாசிப்பதும் டிவியில் ஓடுவதும் இந்த நான்காவது எண்தான்.

டீக்கடைக்காரருக்கு ஒரு நாள் இதைக் காட்டினேன். வர்த்தக அமைச்சகத்தின் பக்கத்தில் தேயிலை வாரியத்துக்கு ஒரு செலவு வரி இருக்கிறது. உரையில் தேயிலை என்ற சொல் வராத வருடங்களிலும் அந்த வரி இருக்கும். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நான்காவது எண்ணை விட்டுவிட்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன வருஷம் குடுக்கறேன்னு சொன்னது இதுங்களா?"

"ஆமா."

"அப்புறம் நடுவுல மாத்துனது இது. செலவானது எங்கண்ணா இருக்கு?"

இந்த ஆவணத்தில் வராது, அடுத்த வருட ஆவணத்தில்தான் முதல் பத்தியில் வரும் என்றேன். அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கி வருகிறது என்று ஓடினார்.